பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ராமநாதபுரத்தில் நான் ஏமாந்த கதை

கடைப் பெயரை எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது ஓடிக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரம் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கீழக்கரை. வண்டி வாப்பாவுடையது. 1999 மாடல் ஜென் ஆட்டோமேட்டிக், மூன்று கியர், 993 சிசி. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. உப்புக்காற்றில் கதவடி அரித்து இரண்டு தடவை வெல்டிங் வைத்தாயிற்று. "வித்துடலாமே வாப்பா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அன்று ராத்திரி முழுக்க உம்மாவிடம் நான்தான் ஏச்சு வாங்கினேன்.

போன டிசம்பரில் வண்டிக்கு பிக்கப் போய்விட்டது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப மட்டும் திணறும், ஓடிவிட்டால் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, "டார்க் கன்வர்ட்டர் போச்சு பாய்" என்றார். அந்தக் கணிப்பில் தப்பில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சுக்குப் பதிலாக, இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இதுதான். கன்வர்ட்டருக்குள்ளே இன்ஜின் பக்கம் ஒரு விசிறி, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விசிறி, நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒன்று. முதல் விசிறி ஆயிலை வீசியடிக்க, இரண்டாவது சுற்றுகிறது. திரும்பி வரும் ஆயிலைச் சரியான கோணத்தில் திருப்பிவிட்டு, கிளம்பும்போது இழுவையைக் கூட்டித் தருவது ஸ்டேட்டர். அது ஒரு பக்கம் மட்டும்தான் சுற்ற வேண்டும். அதன் ஒன்வே கிளட்ச் தேய்ந்து இரண்டு பக்கமும் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் வண்டி மாதிரித்தான் ஆகும்.

"புதுசு கிடைக்காது. இதே வண்டியோட டி.சி. சென்னையிலேர்ந்து எடுத்துத் தர்றேன்." டி.சி. என்றால் டார்க் கன்வர்ட்டர்தான். 38,500 ரூபாய். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு: டி.சி. 1, ஆயில், லேபர். பழைய டி.சி.யைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்ச்ல போயிருச்சே பாய்." சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன் பாருங்கள், அங்கேதான் நான் கோட்டை விட்டது.

வீட்டுக்கு வந்த மறுநாளே தெரிந்துவிட்டது. டி-யில் (முன்னே ஓடும் கியர்) போட்டு பிரேக்கை மிதித்தால் வண்டி மொத்தமும் உதறும். ஏசி போட்டால் ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்காது, ஆஃப் ஆகிவிடும். திரும்பக் கொண்டுபோனால் ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை ஏற்றி விட்டார். ஆஃப் ஆவது நின்றது. பதிலுக்கு, கியரைப் போட்டவுடன் வண்டி எகிறிப் பாய்ந்தது. ஒரு காலையில் வாப்பா கேட்டுக்குள் எடுக்கும்போது மதில் சுவரில் பம்பரைக் கொடுத்துவிட்டார். தன் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மனுஷர் ஒரு வாரம் சாவியையே தொடவில்லை. பணம் போனதைவிட எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரியில் பாம்பனில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க ஆளாளுக்கு ஓரங்கட்டியிருந்தார்கள், வண்டிகள் ஊர்ந்தன. கப்பல் போவதற்காக நடுவில் தூக்கிக் கட்டிய அந்த ஏற்றத்தில் நின்று நின்று எடுக்க வேண்டியிருந்தது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தும் இன்ஜின் எகிறவில்லை, முக்குகிறது. பின்னால் சுற்றுலா பஸ் ஹாரன் அடிக்க, பின்சீட்டில் உம்மா ஓத ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் மச்சானும் இரண்டு மீன்கார அண்ணன்மாரும் இறங்கித் தள்ளித்தான் உச்சியைத் தாண்டினோம்.

திரும்பவும் ஒர்க்‌ஷாப். இந்தத் தடவை பாட்டு மாறிவிட்டது. "இன்ஜின் பழசு பாய், கம்ப்ரஷன் இல்ல. போர் பண்ணணும், ஒரு நாப்பத்தஞ்சு ஆகும்."

அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லையாம், உள்ளே குடைந்து சரிபண்ண நாற்பத்தைந்தாயிரமாம். கொடுத்திருப்பேன். காப்பாற்றியது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மண்டபத்தில் போட் மெக்கானிக்குகளெல்லாம் கரையில்தான் இருப்பார்கள். மச்சானுக்குப் பழக்கமான ஒரு அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சின்ன இன்ஜின் போட்டுல பெரிய புரொப்பல்லர மாட்டினா என்ன ஆகும்? ரேஸ் ஏறாது, முக்கும், ஸ்லோல ஆஃப் ஆகும். உன் வண்டி அதத்தான் பண்ணுது."

அவரே உச்சிப்புளியில் ஒரு கார் மெக்கானிக்கிடம் அழைத்துப்போனார். முதலில் கம்ப்ரஷன் பார்த்தார்கள். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு, நல்ல அளவு. அடுத்தது ஸ்டால் டெஸ்ட்: சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கை பிரேக், கால் பிரேக் இரண்டையும் பிடித்து, டி-யில் போட்டு ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கி ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஆயில் வெந்துவிடும். தெரியாதவர்கள் வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம். எங்கள் வண்டி 1,500-ஐத் தாண்டவில்லை. கையேட்டில் போட்டிருப்பது அதற்கு நிறைய மேலே. இப்படிக் குறைந்தால் மூன்று காரணம் இருக்கலாம்: இன்ஜினுக்குச் சக்தி இல்லை, ஸ்டேட்டர் போய்விட்டது, அல்லது கன்வர்ட்டரே இந்த இன்ஜினுக்கானது இல்லை. இன்ஜின்தான் நன்றாக இருக்கிறதே.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். கன்வர்ட்டரை இன்ஜினோடு பிடிக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கையில் எடுத்து அந்த மெக்கானிக் ஒன்றுமே பேசாமல் என்னிடம் நீட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய போல்ட் துளைகள் வேப்பங்கொட்டை மாதிரி நீண்டிருந்தன. அரம் போட்ட கோடு பளபளவென்று தெரிந்தது. நியூட்ரலில் ரேஸ் பண்ணினாலும் வண்டியில் ஒரு அதிர்வு இருந்தது, அது இதனால்தான். கன்வர்ட்டருக்குப் புத்தம்புது சில்வர் பெயின்ட். நகத்தால் சுரண்டினால் உரிந்து, உள்ளே துரு.

மதுரையில் பழைய சாமான் கடையில் இதே மாடலின் கன்வர்ட்டர் ஒன்று கிடைத்தது. ஸ்டேட்டரை விரல் விட்டுச் சுற்றிப் பார்த்துத்தான் எடுத்தோம். ஒரு பக்கம் சுற்றியது, மறுபக்கம் பிடித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு மாட்டியது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பெரிசு, வேறு ஏதோ பெரிய இன்ஜின் வண்டியுடையது. பத்தில் ஒரு பங்குதானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கன்வர்ட்டர் இன்ஜினிடமிருந்து உறிஞ்சும் டார்க் (சுற்றும் விசை), விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுமாம். 1.1-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பாருங்கள், 1.61 வரும். அதே ஸ்லோவில் 60 சதவீதம் கூடுதல் சுமை. பாலத்தில் முக்காமல் என்ன செய்யும்?

சரியானதை மாட்டி, ஆயில் சீலும் ஆயிலும் மாற்றினோம். மாட்டும்போது அந்த மெக்கானிக் செய்ததைக் கவனித்தேன். கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் சுற்றிச் சுற்றித் தள்ளி, கடக் கடக் என்று உட்கார்ந்த பிறகுதான் இன்ஜினோடு சேர்த்தார். கன்வர்ட்டரின் ஹப் (நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்) ஆயில் பம்ப்பில் முழுசாக உட்காராமல் போல்ட்டை இழுத்து முறுக்கினால் பம்ப் உடைந்துவிடுமாம். உங்கள் வண்டிக்கு யாராவது இந்த வேலை பார்த்தால் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழசைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதுசாக மாட்டப்போவதை அதன் பக்கத்தில் வைத்து டேப் பிடித்துப் பாருங்கள்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கு போட்டோவோடு போனேன். முதலில் சத்தம், அப்புறம் டீ, அப்புறம் எட்டாயிரம் ரூபாய். எட்டாயிரத்தை வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணினால் வழி சொல்வார்கள். துண்டுச்சீட்டுதான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு கூகுள் பே-யில் பணம் போனதும், "டி.சி. மாட்டியாச்சு பாய்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸும் இருந்தன.

வாப்பா மறுபடியும் ஏர்வாடி வரைக்கும் தனியாக ஓட்டிப் போய் வருகிறார். அந்தப் பெரிய டி.சி. சாக்கில் கட்டி எங்கள் திண்ணையில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். கேஸ் முடியட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.