தாடை எலும்பு மாற்று அறுவை: திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்த்தது

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் பெரிய வைத்தியம் என்றால் திருவனந்தபுரம்தான். ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இளவயதிலிருந்தே உண்டு. கீழ் ஈறில் வந்த புண் ஆறவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. இடப்பக்கத் தாடை எலும்பை எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் தாளில் படம் வரைந்தே விளக்கினார். கீழ்க்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அருகே சில செ.மீ. விட்டுவிட்டு, நடுப்பகுதியை இரத்தக் குழாயோடும் தோலோடும் எடுப்பார்கள். அதைத் துண்டாக்கித் தாடை வளைவுக்கு ஏற்ப டைட்டானியம் பிளேட்டில் பொருத்தி, அதன் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தாடைக்கு இப்படிச் செய்வதை அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ 1989-இல் எழுதி வெளியிட்டாராம். "காலில் எலும்பை எடுத்தால் இவரால் தோட்டத்துக்கு நடந்து போக முடியுமா, டாக்டர்?" என்று அம்மா கேட்டார். எடையைத் தாங்குவது பெரும்பாலும் பக்கத்து எலும்புதான், நடப்பார் என்றார். இப்போது நடக்கிறார்.

ஆனால் நான் முழு மதிப்பெண் கொடுப்பது இரவுப் பணி நர்ஸ்களுக்கு. வைத்துத் தைத்த சதையை ஃபிளாப் என்கிறார்கள். முதல் சில நாள்தான் அதற்குக் கண்டம். மணிக்கு ஒரு முறை டார்ச் அடித்து, "அப்பூப்பா, வாய் துறக்கூ" என்பார்கள். தோலை விரலால் அழுத்தி, வெளுத்த நிறம் எத்தனை நொடியில் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். டாப்ளர் கருவியில் இரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்பார்கள். ஒரு நள்ளிரவில் தோல் நீலம் பாரித்திருந்தது. ஊசியால் குத்தியதும் கறுத்த இரத்தம் வந்தது. அந்த சிஸ்டர் விடியட்டும் என்று விடவில்லை. உடனே மருத்துவரை அழைத்தார். அந்த இரவிலேயே ஆபரேஷன் தியேட்டரைத் திறந்து, சிரையில் உறைந்திருந்த கட்டியை எடுத்தார்கள். ஃபிளாப் பிழைத்தது. எங்கு அறுவை செய்தாலும், இரவில் ஃபிளாப்பை யார் பார்ப்பார்கள், அவசரமென்றால் உடனே தியேட்டர் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். செலவு, அறை வசதி எல்லாம் அப்புறம்.

குறையும் உண்டு. கதிர்வீச்சு முடிந்தபின் வாய் இறுகிவிடாமல் இருக்க தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வேண்டும். அதை யாரும் பொறுமையாகச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும் அளவைப் பக்கத்துக் கட்டில்காரரின் மகள்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னாள். அந்த வார்டில் குமரி மாவட்டத்துக்காரர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அந்த ஒரு தாளைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.