பனேன்காவின் கிளப்பை அதன் களத்திலேயே பார்க்க: பிராக், ட்யோலீச்செக் மைதானம்

செக்கோஸ்லோவாக்கிய வீரர் ஆன்டொனின் பனேன்காவின் 1976 பெனால்டியை யூடியூபில் பார்க்காத கால்பந்து ரசிகர் குறைவு. அந்த நடுக்கள வீரரின் ஆட்டம் எங்கே பக்குவப்பட்டது என்று புரிய வேண்டுமானால், போஹேமியன்ஸ் கிளப்பின் ட்யோலீச்செக் மைதானத்தில் ஒரு லீக் ஆட்டம் பாருங்கள். டிக்கெட் காசு வீண் போகாது.

மைதானம் சின்னது. ஏறத்தாழ 6,300 பேர் கொள்ளும். களத்தைச் சுற்றி ஓடுதளம் இல்லாததால், ஃப்ரீ கிக் எடுப்பவரின் கால் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதுகூடத் தெரியும். பனேன்காவின் பலமே அதுதான்: ஓட்ட வேகத்தில் அல்ல, பந்தைத் தொடும் விதத்தில்.

1976இல் பெல்கிரேடில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியாட்டம் 2-2. பெனால்டியில் ஜெர்மனியின் ஊலி ஹோனஸ் பந்தை மேலே அடித்துவிட்டார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஐந்தாவது உதை பனேன்காவுக்கு. முழு வேகத்தில் ஓடிவந்தார். ஜெர்மன் கோல்கீப்பர் ஸெப் மையர் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து நடுவில் மெதுவாக இறங்கியது. பெனால்டியில் 5-3 என வெற்றி. திடீரென்று தோன்றிய துணிச்சல் அல்ல அது. கிளப் கோல்கீப்பர் ஹ்ருஷ்காவோடு பீர், சாக்லேட் பந்தயம் கட்டிப் பயிற்சியில் அடித்து அடித்துப் பழகியது. பின்னால் இதே உதையை முயன்ற பலர் கோட்டைவிடக் காரணம் உண்டு. ஓட்டத்தின் கடைசியில் வேகம் குறைந்தால் கோல்கீப்பர் பாயாமல் நின்றுவிடுவார், பந்து நேராக அவர் கைக்கே போகும். பந்தின் அடியில் கால் சரியாகப் போகாவிட்டால் அது எழும்பாது; பாய்ந்தவரின் கால்கூடத் தடுத்துவிடும்.

1981இல் பனேன்கா ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னா கிளப்புக்குப் போய் அங்கே 1982, 1983 என இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். போஹேமியன்ஸ் தன் ஒரே லீக் பட்டத்தை வென்றதும் 1983இல்தான். அந்த அணியில் அவர் இல்லையே என்பது இன்றும் உறுத்துகிறது. பிறகு போஹேமியன்ஸுக்குத் தலைவராகவும் இருந்தார். 2005இல் கிளப் கடனில் மூழ்கியபோது ரசிகர்களே பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். கிளப்பின் நிறமான பச்சை வெள்ளை உடுத்திய கூட்டம் அப்படிக் கத்துவது ஏன் என்று இதைத் தெரிந்துகொண்டு போனால் புரியும். கிளப் சின்னத்தில் இருக்கும் கங்காரு 1927 ஆஸ்திரேலியப் பயணத்தின் நினைவு.

குறைகளும் உண்டு. பெரிய அருங்காட்சியகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எல்லா இடத்திலும் கூரை இல்லை. நவம்பர் மாத ஆட்டமென்றால் தடித்த கோட்டும் மழைச்சட்டையும் கட்டாயம். டிசம்பர் நடுவிலிருந்து லீக்குக்குக் குளிர்கால இடைவேளை, அப்போது ஆட்டமே கிடையாது.

வழியில் ஒரு குழப்பம் வரலாம். இன்னொரு பிராக் கிளப்பான ஸ்லாவியாவின் ஏடன் மைதானமும் இதே வர்ஷோவிட்சே பகுதியில்தான். மேப்பில் மைதானத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வர்ஷோவிட்சே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். டிராமில் போனால், காகித டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம். டிராமுக்குள் கார்டு தட்டி வாங்கும் டிக்கெட்டுக்கு அது வேண்டாம். ஸ்லாவியாவோ, பிராக்கின் மற்றொரு கிளப்பான ஸ்பார்ட்டாவோ வரும் ஆட்டத்துக்கு வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாமல், ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள்.