காலிக்குப் போய்க் கை காலியாகாமல் திரும்புவது: ஏழு வருடம், ஐந்து பயணம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். மரக்கறி வாங்க, கோயிலுக்குப் போக, பஸ் பிடிக்க என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காலி வீதியைக் கடப்போம். "அம்மா, இந்த ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தா உண்மையா காலி வருமா?" என்று மூத்தவள் ஆறு வயதில் கேட்டாள். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து எட்டு வருடமாகியும் நான் காலியைக் கண்ணால் கண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவோம். ஊரெல்லாம் போகிறதே என்று ஏப்ரலில் நுவரெலியா போவோம். நூற்றுச்சொச்சம் கிலோமீற்றரில் இருக்கிற காலியை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தோம்.

முதல் பயணம் 2017 டிசம்பரில், ஐந்தாவது 2025 பெப்ரவரியில். முதல் தடவை மட்டும் சொந்தக்காரரின் வானில், மற்ற நாலும் பெரும்பாலும் ரயிலில். இதில் எது கைகொடுத்தது, எது காசைத் தின்றது என்று எழுதிவைக்கிறேன். ஐந்தாம் தடவை மாமியும் வந்ததால், முதியவரோடு போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதல் பயணத்தில் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். மற்ற எல்லாம் அதன் குட்டிகள். காலை பத்தரைக்குக் கோட்டைக்குள் நுழைந்தோம். மதிலில் நிழல் என்ற பேச்சே இல்லை. கருங்கல்லும் புல்லும் கடலும்தான். பதினொன்றரைக்குச் சின்னவன் நடக்க மாட்டேன் என்றான், அப்போது அவனுக்கு மூன்று வயது. செவ்விளநீர் வாங்கினோம். பன்னிரண்டுக்கு மூத்தவளுக்குத் தொப்பி. பன்னிரண்டரைக்கு ஜூஸ். ஒரு மணிக்கு இனி முடியாது என்று முதலில் தெரிந்த ஏசி கடைக்குள் ஏறினோம். மெனு வந்தது, விலை டொலரில் இருந்தது. எழுந்து போகவும் வெட்கம். நாலு பேரும் இரண்டு தட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஏசிக்காக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தோம், இருந்ததற்காக ஐஸ்கிறீமும் எடுத்தோம். இரவு இவர் கணக்குப் பார்த்தார். அன்று செலவழித்ததில் பாதிக்கு மேல் பத்தரைக்கும் மூன்றரைக்கும் இடையில் போயிருந்தது. கோட்டைக்குள் போக டிக்கெட் கிடையாது, மதிலில் நடக்கக் காசு கிடையாது, கடல் சும்மா கிடக்கிறது. அங்கே காசு பறிப்பது வெயில்தான்.

அடுத்த பயணத்திலிருந்து வெயிலை வைத்தே நாளைப் பிரித்தோம். காலை ஆறு மணிக்கு மதிலில் நிற்போம். ஒன்பதுக்கு இறங்கிவிடுவோம். பிறகு நாலு மணி வரை கூரைக்குக் கீழே, இல்லாவிட்டால் தண்ணீருக்குள். நாலுக்குப் பிறகு மறுபடி மதில். இந்த ஒரு மாற்றத்தோடு பகல் செலவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

ஆறு மணிக்கு மதிலில் நிற்க வேண்டுமானால் கோட்டைக்குள்தானே தங்க வேண்டும் என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கோட்டைக்குள் அறை அழகு, ஆனால் விலை வெளிநாட்டுக்காரருக்காகப் போட்டது. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கோட்டை வாசலுக்கு நேர் எதிரே, பத்து நிமிட நடைதான். களுவெல்லைப் பக்கம் குடும்பங்கள் வீட்டு மாடியில் அறை விடுகிறார்கள். அங்கே தங்கினால் ஐந்தரைக்கு எழும்பினாலும் ஆறுக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கலாம்.

அறை விஷயத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தோம். 2019 இல் இணையத்தில் "கோட்டைக்கு மிக அருகில்" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் ஒரு மேட்டுக்கு மேலே, நாலு கிலோமீற்றர் தள்ளி. போக வர ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னொரு இரவு தங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு வரைபடத்தில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தைப் பார்க்காமல் நான் எதையும் உறுதி செய்வதில்லை. போன் எடுத்து, "அறையில் நாலு பேர் படுக்கலாமா, வெந்நீர்க் கேத்தல் இருக்கா, உள்ளூர்க்காரருக்கு என்ன விலை" என்று மூன்றையும் கேட்டுவிடுவேன். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், விலை இறங்குவதே அதில்தான். கனடாவிலிருந்து வந்த மச்சாள் குடும்பம் கூட வந்த வருடம் அவர்களைப் பேசவே விடவில்லை. அடையாள அட்டை உள்ள ஆள்தான் முன்னுக்கு.

இனி ரயில். கொழும்புக் கோட்டை வழியாகக் காலிக் கோட்டைக்குப் போகிறோம் என்பது எங்கள் வீட்டுப் பழைய பகிடி. எங்கள் கோட்டையின் மதிலை ஆங்கிலேயர் 1870 வாக்கில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் நிலையத்தில் தொங்குகிறது. வெள்ளவத்தைக்காரர் செய்யும் பிழை, வெள்ளவத்தையிலேயே நின்று ஏறலாம் என்று காத்திருப்பது. கடுகதி பலதும் அங்கே நிற்காது, நிற்கும் வண்டியிலும் இடம் இருக்காது. நாங்கள் வடக்கே மருதானை வரை போய், வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறிக்கொள்கிறோம். பின்னுக்குப் போவது போல இருக்கும், ஆனால் ஐந்து பேருக்கும் சேர்ந்து இருக்க இடம் கிடைக்கும். போகும்போது வலப்பக்க யன்னல். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை தாண்டினால் சில இடங்களில் அலை தெறித்து முகத்தில் படும் போலிருக்கும். கடுகதியில் இரண்டரை மணி நேரம். நாலு பேருக்கு மூன்றாம் வகுப்பில் போய்வரும் செலவு ஒரு பெரிய பீட்ஸாவின் விலைக்கு வராது.

அதிவேகப் பாதை பஸ்ஸையும் ஒருமுறை பார்த்தோம். வேகம்தான், ஏசியும்தான். ஆனால் அந்த பஸ் புறப்படும் மாகும்புரவுக்குப் போகப் பிடித்த வாகனத்துக்கே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விட்டது. கடலும் கிடையாது. மகரகம, கொட்டாவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சரி.

ஹிக்கடுவைக்கு முன்னால், தெல்வத்தை, பெரலிய பக்கம் வரும்போது பெட்டிக்குள் சத்தம் குறையும், நீங்களும் கவனிப்பீர்கள். 2004 டிசம்பர் 26 இல் கொழும்பிலிருந்து வந்த ரயிலைக் கடல் அள்ளிப் புரட்டிய இடம் அது. அந்த ஒரு வண்டியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். மாமி கைகூப்பினார். சின்னவன் ஏனென்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன். இரவுதான் சொன்னேன்.

காலியில் தண்டவாளம் முட்டி நிற்கும். மாத்தறைக்குப் போகும் வண்டிகூட அங்கே வந்து, இயந்திரம் மறுபக்கம் மாறி, வந்த திசையிலேயே புறப்படும். ஒருமுறை நாங்கள் மாத்தறை வரை போனபோது, "அப்பா, ரயில் திரும்பக் கொழும்புக்கே போகுது!" என்று சின்னவன் அழத் தொடங்கிவிட்டான். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா கச்சான் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்.

கோட்டையில் என்ன பார்ப்பது என்று நீட்டி எழுதப் போவதில்லை. போர்த்துக்கேயர் 1588 இல் தொடங்கியது, 1640 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாகக் கட்டியது, 1796 இல் ஆங்கிலேயர் எடுத்தது, 1988 இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது என்று பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகம் மாதிரிப் போகும். எங்கள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியவை மூன்று. ஒன்று பழைய வாசல். வெளியே ஆங்கிலேயர் முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை, இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருடம். போர்த்துக்கேய மொழியில் சேவலுக்கு 'காலோ' என்று பெயர், ஊர்ப் பெயரை அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. காலி என்றால் வெறுமை என்று நினைத்திருந்த சின்னவனுக்கு அது சேவலானதில் பரம சந்தோசம். இரண்டாவது, 1755 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கும். மதியம் ஒரு மணிக்கும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். உண்டியலில் போட்டுவிட்டு அரை மணி நேரம் இருக்கலாம், எந்த ஏசி கடையும் வேண்டாம். மூன்றாவது, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் கீழே தெரியும் கிரிக்கெட் மைதானம். சுனாமியில் சிதைந்து 2007 டிசம்பரில் மறுபடி திறந்தது. டெஸ்ட் ஆட்டம் நடந்தால் மதிலில் நின்று சும்மா பார்க்கலாம். ஆனால் அந்த நாட்களில் அறை விலை ஏறிவிடும், இலவசம் இலவசமாக இராது.

போவதற்கு முந்தின ஞாயிறு பிள்ளைகளைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். காலியில் 1911 இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 ஆம் ஆண்டிட்டது. சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குப் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் கொடுத்ததைச் சொல்கிறது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, மாத்தறைக்கு அங்கால். "அப்ப எங்கட ஆக்கள் அங்க இருந்திருக்கினம்" என்று மூத்தவள் சொன்னாள். அதைப் பார்த்துவிட்டுப் போனதால் காலி அவளுக்கு வேற்றூராக இருக்கவில்லை.

பகல் பத்திலிருந்து நாலு வரைக்கு எங்களுக்குப் பிடித்த இடம் உனவட்டுன. பஸ் நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர், உள்ளூர் பஸ்ஸில் சில்லறைக் காசு. தென்னைக்குக் கீழே துவாயை விரித்து இருந்தால் போதும். வழியில் உள்ள ரூமஸ்ஸல மேடு அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிவரும்போது விழுந்த துண்டு என்று கதை. மாமி பிள்ளைகளுக்கு அந்தக் கதையை ஒரு மணி நேரம் இழுத்தார். அந்த ஒரு மணி நேரமும் செலவு பூச்சியம்.

சாப்பாடு. மதியம் பஸ் நிலையப் பக்கம் சோற்றுப் பார்சல். ஒரு பார்சல் இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். முதல் வேளைக்கு வீட்டிலிருந்து ரோல்ஸும் புளிச்சாதமும். மாமி வெள்ளிக்கிழமை சைவம். இதில் ஒரு எச்சரிக்கை: மரக்கறிச் சோறு என்று வாங்கினாலும் சம்பலிலும் பருப்பிலும் மாசிக் கருவாடு இருக்கும், அதை அவர்கள் மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. "உம்பலகட எப்பா" (மாசி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாமி இப்போது சிங்களத்தில் சரளமாகப் பேசும் ஒரே வசனம் அதுதான்.

மாமியோடு போன அன்று மாலை, வெளிச்சவீட்டுப் பக்கத் தெருவில் அவருக்குக் கால் இழுத்தது. ஒரு வீட்டு விறாந்தையில் முக்காடு போட்ட வயதான அம்மா இருந்தார். நான் சிங்களத்தில் தண்ணீர் கேட்க வாயெடுத்தேன். எங்கள் பேச்சைக் கேட்டவர், "எங்கிருந்து வாறீங்க? வந்து குந்துங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். கோட்டைக்குள் தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பங்கள் பலரின் வீட்டுமொழி தமிழ்தான். ஏழு வருடமாக அந்தத் தெருவில் நான் சிங்களமும் ஆங்கிலமும் பேசித் திரிந்திருக்கிறேன்! இரண்டு பேரும் முழங்கால் வலியில் தொடங்கி மருமகள்மாரில் முடித்தார்கள். நான் கேட்காத மாதிரி வெளிச்சவீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2025 பெப்ரவரி, ஐந்து பேர், இரண்டு இரவு: அறை 17,000, சாப்பாடு 14,000, ரயிலும் ஓட்டோவும் 8,000, மற்றவை 4,000. மொத்தம் 43,000 ரூபாய். 2017 இல் நாலு பேருக்கு, இதே இரண்டு இரவுக்கு 31,000. இடையில் 2022 இல் விலைவாசி எகிறியதை நினைத்தால் எது உண்மையில் அதிகம் என்று நீங்களே பாருங்கள்.

காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. 2023 ஓகஸ்ட் விடுமுறையில் போனோம். அறை மலிவு, கடல் கறுத்துக் கொந்தளித்தது, இறங்கவே விடவில்லை. ஒருநாள் முழுக்க அறையில் கார்ட்ஸ். பௌர்ணமிப் போயா சேர்ந்த நீண்ட விடுமுறையில் போகவே வேண்டாம். சிறுபிள்ளைகள் இருந்தால் இன்னொன்று: மதில் ஓரத்தில் தடுப்பு இல்லாத இடங்கள் நிறைய. கையை விடாதீர்கள், படம் எடுக்கும் நேரத்தில் முக்கியமாக.

தீராத பிரச்சினை திரும்பி வருவதுதான். ஞாயிறு பின்னேரம் மாத்தறையிலிருந்து வரும் வண்டி காலிக்கு வரும்போதே நிரம்பி வழியும். மூன்று தடவை அம்பலாங்கொடை தாண்டும் வரை நின்றுகொண்டுதான் வந்தோம், மாமிக்கு மட்டும் யாரோ எழும்பி இடம் கொடுத்தார்கள். திங்கள் விடிய வந்து நேரே ஒஃபிஸுக்குப் போகலாம் என்பது இவருடைய யோசனை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையையும் காலிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்.