கார் பேட்டரி மாற்றும் சேவை: பில்லில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒரே பேட்டரிக்கு நான்கு இடத்தில் நான்கு விலை சொல்வார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்று, பேட்டரிக் கடையில் ஒன்று, வீட்டுக்கே வந்து மாற்றித் தருபவரிடம் ஒன்று, ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டிக்கொண்டால் இன்னொன்று. எங்கே மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால், யார் முதலில் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வந்ததும் ஸ்பேனரை எடுப்பவர் பேட்டரி விற்க வந்தவர்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.0 என்றால் கால்வாசிதான். குறைவாக இருப்பதால் மட்டும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5-லேயே நிற்கிறதா? உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது (ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்). பேட்டரியையே மாற்றத்தான் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலும் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

அடுத்தது எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது. 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) வேலை செய்கிறது. 12.3-ல் நின்று மெல்ல இறங்கினால் குற்றவாளி ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான். புதுப் பேட்டரி போட்டாலும் சீக்கிரமே படுத்துவிடும். (சார்ஜை கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் புது வண்டிகளில் இந்த எண் மேலும் கீழும் ஆடும். அங்கே ஒரே ஒரு ரீடிங்கை நம்பக்கூடாது.) வண்டி பூட்டிக் கிடக்கும்போது கசியும் மின்சாரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பூட்டி ஒரு மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. டேஷ்கேமோ ஒட்டிக்கொண்ட ரிலேவோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு) போகும். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலு நாள் தாங்காது. அதற்கு மருந்து புதுப் பேட்டரி இல்லை.

மூடியில் தெரியும் பச்சைக் கண்ணை வைத்து யாராவது தீர்ப்பு சொன்னால் கேட்காதீர்கள். அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை-நீலப் பொடியையும் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தூணிலும் மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் வயர் கிளாம்ப்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில்தான் அடைப்பு. சமையல் சோடா கரைத்த வெந்நீரும் ஒரு கம்பி பிரஷ்ஷும் போதும். இதைச் செய்து பார்க்காமலே எத்தனையோ நல்ல பேட்டரிகள் எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன.

மாற்றியே ஆக வேண்டும் என்று உறுதியானால் பில்லுக்கு வருவோம். விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வகை. சாதாரண திரவப் பேட்டரி அடிமட்டம்; ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பது) கிட்டத்தட்ட அதன் இருமடங்கு; ஈஎஃப்பி (திரவப் பேட்டரியின் மேம்பட்ட வடிவம்) நடுவில். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும் வண்டிக்கு ஈஎஃப்பியோ ஏஜிஎம்மோ கட்டாயம். ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். 'சாதாரணமே போதும், பாதி விலை' என்று சொல்பவரிடம் மிச்சம் பிடித்த காசை மறு பேட்டரிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாத வண்டியில் ஏஜிஎம்மைத் திணிப்பதும் வேண்டாத செலவு. ஆம்பியர்-அவரைக் கூட்டிப் போடும் ஆசையும் அப்படித்தான்: டிரேயில் உட்காராது, பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் பிடிக்காது. 55பி24எல் போன்ற குறியீட்டில் 'பி' பெட்டியின் அகல உயரத்தையும், 24 நீளத்தை சென்டிமீட்டரிலும், கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதையும் சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வந்தால் வயர் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று இழுத்து மாட்டுகிறவரை உடனே தடுத்துவிடுங்கள்.

வாரண்டியில்தான் கணக்கு கொஞ்சம் சிக்கல். '24+24 மாதம்' என்றால் முதல் 24 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதத்தில் புதுசின் விலையில் ஒரு கழிவு (தள்ளுபடி), அதுவும் மாதம் ஆக ஆகக் குறையும். அந்தக் கழிவைப் பெரும்பாலும் பட்டியல் விலையிலிருந்துதான் கழிப்பார்கள். வெளியே அதே பேட்டரி 25 சதவீதம் தள்ளுபடியில் கிடைக்கும்போது, 40 சதவீதக் கழிவின் உண்மையான லாபம் பட்டியல் விலையில் 15 சதவீதம்தான். கடைசி மாதங்களில் அதுவும் இருக்காது. ஆகவே இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். வெறுமனே சார்ஜ் இறங்கிப்போனதை வாரண்டியில் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய பேட்டரியைச் சும்மா விடாதீர்கள். எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களும்தான். 'பழசைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை' என்று இரண்டையும் கேளுங்கள். ஒரே ஒரு விலை மட்டும் சொன்னால் பழசின் மதிப்பு யார் பைக்குள் போகிறது என்று புரிந்துவிடும்.

புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது, ஆறைத் தாண்டினால் வேறு கேளுங்கள். மாட்டும் முன் மீட்டர் 12.4-க்குக் கீழே காட்டினாலும் திருப்பி அனுப்பலாம். சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படியும்.

மாட்டுவதில் கைத்திறன் உடனே தெரியும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கையால் அசைத்துப் பாருங்கள், துளியும் ஆடக்கூடாது. அவசரத்தில் பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைப் பாதி முறுக்கிவிட்டுப் போவது வீட்டுக்கு வரும் சேவைகளில் அடிக்கடி காணும் குறை. அதிர்வில் பிளேட்டிலிருந்து பொருள் உதிர்ந்து பேட்டரியின் ஆயுள் குறையும். டிக்கியிலோ சீட்டுக்கடியிலோ பேட்டரி இருந்தால் வாயு வெளியேறும் குழாயைத் திரும்பச் சொருகினாரா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ரேடியோ கோடு, ஜன்னல் கண்ணாடியின் ஒரே தட்டில் ஏறும் வசதி போன்றவை அழிந்துவிடாமல் இருக்க மெமரி சேவர் (பேட்டரி இல்லாத நேரத்தில் வண்டிக்கு மின்சாரம் தரும் சிறு கருவி) போடும் ஆள் நல்ல ஆள்.

எங்கே போகலாம்? நெகட்டிவ் கேபிளில் சென்சார் உள்ள சில வண்டிகளில் புதுப் பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழசுக்கான கணக்கிலேயே சார்ஜ் ஏற்றும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ் சென்டரின் கூடுதல் கூலி நியாயமானது, மற்றவர்களுக்கு அநாவசியம். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் வீட்டுக்கு வரும் சேவையை மிஞ்ச ஒன்றும் இல்லை. மேலே சொன்ன சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். ஆன்லைன் விலை கவர்ச்சிதான், ஆனால் பழுதானால் 15 கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது நீங்கள். மீதி எல்லோருக்கும் லோடு டெஸ்டர் (பேட்டரிக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் பேட்டரிக் கடையே சரி. பில்லில் பேட்டரியின் சீரியல் எண்ணும் தேதியும் எழுதி, வாரண்டி அட்டையில் முத்திரை குத்திய பிறகே பணத்தைக் கொடுங்கள்.