விர்கான் எஸ்: பன்றிப் பண்ணையில் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விர்கான் எஸ் என்ற கிருமிநாசினித் தூள் நல்ல தூள். ஆனால் ஓட்டல் கழிவை வேகவைக்காமல் தீவனத் தொட்டியில் கொட்டுகிற பண்ணைக்கு இதை வாங்குவது வீண் செலவு. ஏன் என்று கீழே விளக்கம் இருக்கிறது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் உறுதியானது. 2022இல் வயநாட்டுப் பண்ணைகளுக்கு வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைச் சாய்த்தது, 2024இல் இலங்கையையும் எட்டியது. இந்த நோய்க்கு இந்தியாவில் அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது, சிகிச்சையும் கிடையாது. தொற்றிய கொட்டிலில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகலாம். அதனால்தான் கிருமிநாசினி வியாபாரம் சூடு பிடித்தது. அதில் அதிகம் பேசப்படும் பெயர் விர்கான் எஸ். இப்போது இதன் உரிமை லான்செஸ் நிறுவனத்திடம் இருக்கிறது.

உள்ளே இருப்பது பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்பேட் என்ற ஆக்சிஜனேற்றி. கூடவே உப்பு, மாலிக் அமிலம், சல்ஃபாமிக் அமிலம், அழுக்கை ஊடுருவ ஒரு சோப்புச் சரக்கு, ஒரு சாயம். சில நாட்டு லேபிளில் முக்கியச் சரக்கு சுமார் 50 சதவீதம் என்றும், அமெரிக்க லேபிளில் 21.4 சதவீதம் என்றும் அச்சிட்டிருக்கும். ஒன்று அந்தச் சரக்கு அடங்கிய முழுச் சேர்மத்தின் கணக்கு, மற்றது அதில் வேலை செய்யும் பகுதியின் கணக்கு. இரண்டும் ஒரே வீரியம்தான், பயப்பட வேண்டாம். இதே சரக்கை வேறு பெயர்களிலும் விற்கிறார்கள். லேபிளில் சதவீதம் தெளிவாக இருந்தால் அவற்றையும் பரிசீலிக்கலாம். பிளாஸ்டிக் கவரில் பிரித்துக் கட்டிய இளஞ்சிவப்புத் தூளை மட்டும் தொடாதீர்கள். சாயம் யாரும் போடலாம்.

அளவு: 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 கிராம். தரையையும் சுவரையும் நனைக்கச் சதுர மீட்டருக்கு 300 மில்லி வேண்டும். அப்படியானால் 1 கிலோ தூளில் 100 லிட்டர் கரைசல், அது சுமார் 330 சதுர மீட்டருக்குப் போதும். சதுர மீட்டருக்கு 3 கிராம் என்று வைத்துக்கொண்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், செலவு தெரிந்துவிடும். தரையோடு சுவரின் கீழ் ஒரு மீட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பன்றி மூக்கை உரசுவது அங்கேதான். தெளித்த பிறகு பத்து நிமிடமாவது பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கொட்டிலில் ஐந்து நிமிடத்திலேயே காய்ந்துவிடும். காலையில் அல்லது மாலையில் தெளியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை தெளியுங்கள்.

மலிவுச் சரக்குகளோடு ஒப்பிட்டால்? உலக விலங்கு நல அமைப்பு இந்த நச்சுயிரிக்குச் சொல்லும் குளோரின் அளவு 0.03 முதல் 0.5 சதவீதம் வரை, அரை மணி நேரம். நம் பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். மேல் அளவுக்குக் கணக்குப் போட்டால் பத்து லிட்டர் வாளிக்கு 150 கிராம் வருகிறது. பெரும்பாலான பண்ணைகளில் போடுவது நிறுக்காமல் இரண்டு கைப்பிடி! அதுவும் மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடர். மணம் இருக்கும், வேலை இருக்காது. காஸ்டிக் சோடாவுக்கு அதே அமைப்பு சொல்வது 0.8 சதவீதம், பத்து லிட்டருக்கு 80 கிராம், அரை மணி நேரம். கழுவியும் கொஞ்சம் சாணப் படலம் மிஞ்சுகிற கரடுமுரடான சிமென்ட் தரைக்கு 2 சதவீதமாகப் போடுவது வழக்கம். கொழுப்பையும் சாணத்தையும் அதுவே கரைப்பதால், காலிக் கொட்டிலின் தரைக்குக் காஸ்டிக் சோடாவே மேல் என்பது எங்கள் கருத்து. விலையும் மிகக் குறைவு. ஆனால் கண்ணையும் தோலையும் வெந்து போகச் செய்யும், அலுமினியத்தை அரிக்கும், பன்றி உள்ளே இருக்கும்போது பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. விர்கானுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு, நேரமும் குறைவு. பூட்ஸ், கருவி, வண்டி, நுழைவாசல் ஆகியவற்றுக்கு விர்கான், காலித் தரைக்குக் காஸ்டிக் என்று பிரித்துக்கொண்டால் பணம் மிச்சம்.

பலரும் கோட்டை விடுவது சுண்ணாம்பில். சுண்ணாம்பு கொல்வது அதன் காரத்தால். விர்கான் கரைசலோ அமிலம், பி.எச். 2.5 சுற்றி. வாசலில் சுண்ணாம்பு தூவி, அதை மிதித்த பூட்ஸோடு விர்கான் தொட்டியில் இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும். ஓரிடத்தில் ஒன்றுதான். மாற்ற வேண்டுமானால் நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

இனி தூள் எட்டாத இடங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காற்றில் நெடுந்தூரம் போவதில்லை. ரத்தத்தில், இறைச்சியில், சாணத்தில், மனிதன் காலில், வண்டிச் சக்கரத்தில் போகிறது. உறைய வைத்த இறைச்சியில் ஆயிரம் நாள் வரைக்கும், உப்புக் கண்டத்தில் ஆறு மாதத்துக்கும், குளிரில் வைத்த ரத்தத்தில் பதினெட்டு மாதத்துக்கும் உயிரோடு இருந்திருக்கிறது. அறை வெப்பத்தில் கிடந்த சாணத்திலும் பத்து நாளுக்கு மேல். ஓட்டல் எச்சிலில் கிடக்கும் ஒரு பன்றிக்கறித் துண்டு போதும். அந்தத் துண்டுக்குள் விர்கான் போகாது. அதற்கு ஒரே வழி நெருப்பு. கழிவை 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே வேகவைக்க வேண்டும். மேலே கொதித்து அடியில் பச்சையாக இருக்கும் டிரம் வேகவைத்ததில் சேராது. பெரும்பாலும் தப்பு நடப்பது வெந்த பிறகு: கழிவு வந்த அதே டிரம்மில் அதே அகப்பையால் அள்ளி ஊற்றுவார்கள். பச்சைக்கு ஒரு நிற டிரம், வெந்ததற்கு வேறு நிற டிரம், இரண்டு அகப்பை, நடுவில் ஒரு கோடு. ஓட்டலுக்குத் திரும்பும் டிரம்களைத் தேய்த்துக் கழுவி விர்கானில் நனைப்பது மட்டும்தான் இங்கே இந்தத் தூளுக்கு உள்ள வேலை.

அடுத்தது விற்பனை. தொற்றிய பன்றிக்குக் காய்ச்சல் தெரிய 4 நாளும் ஆகலாம், 19 நாளும் ஆகலாம்; அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பே நச்சுயிரி வெளியேறத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்தில் சாவு என்றதும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் நோயை ஊர் விட்டு ஊர் கடத்துகிறது. இரவல் வாங்கும் கிடாப் பன்றி இன்னொரு வழி. விந்திலும் நச்சுயிரி இருக்கும். செத்த பன்றியைக் கிழித்துப் பார்ப்பதோ எல்லாவற்றிலும் ஆபத்து. நோய் முற்றிய பன்றியின் ஒரு மில்லி ரத்தத்தில் பத்துக் கோடி வரை நச்சுயிரி இருக்கலாம். மண்ணில் சிந்திய ரத்தத்தின் மேல் எந்தக் கிருமிநாசினியைத் தெளித்தாலும் மண்ணின் மேற்பரப்புதான் நனையும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை கத்தியை எடுக்காதீர்கள்.

தூள் பலிப்பது கழுவிய பரப்பில் மட்டும். ஆக்சிஜனேற்றிக்குச் சாணமும் ஒன்றுதான் நச்சுயிரியும் ஒன்றுதான், முதலில் கிடைத்ததோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். எனவே சாணத்தை வாரி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிரஷ்ஷாலோ பிரஷர் வாஷராலோ மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். ஈரம் தேங்கிய குழியில் தெளித்தால் 1 சதவீதம் அரை சதவீதமாகிவிடும். தீவனத் தொட்டியின் அடிப்பக்கம், குடிநீர் நிப்பிளின் பின்புறம், வடிகாலின் ஓரம் மூன்றும் எப்போதும் விடுபடும் இடங்கள். மரப் பலகையும் மூங்கிலும் உள்ள கொட்டிலில் நோய் வந்திருந்தால் அவற்றை எரிப்பதே சரி. இடுக்கில் ஊறிய ரத்தத்தை எந்த மருந்தும் எட்டாது.

கால் நனைக்கும் தொட்டி பற்றி. 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 15 உயரம் என்றால் 40 லிட்டர், 400 கிராம் தூள். ஆனால் தொட்டி ஒன்று போதாது. முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் வேண்டும்; பூட்ஸ் அடிப்பள்ளத்தில் உள்ள சாணத்தைத் தேய்த்து எடுத்த பிறகுதான் மருந்துத் தொட்டி. மிதித்துவிட்டு நேரே நடந்துபோகும் சடங்கினால் பயன் இல்லை. மேலே கூரை கட்டாயம். இளஞ்சிவப்பு வெளுத்தால் வீரியம் போய்விட்டது என்று பொருள். தூளிலேயே இந்த அடையாளம் இருப்பது விர்கானின் உண்மையான சிறப்பு. சுத்தமான கரைசல் ஐந்து நாள் தாங்கும் என்கிறார்கள். பண்ணை வாசலில் அது நடக்காது, தண்ணீர் கலங்கினால் நிறம் இருந்தாலும் அன்றே மாற்றுங்கள். இதையெல்லாம்விட மலிவான வழி, கொட்டிலுக்கென்று தனி ரப்பர் பூட்ஸ் வைத்து வெளியே கொண்டுபோகாமல் இருப்பது.

வண்டிக்குச் சக்கரத்தை மட்டும் நனைத்து அனுப்புகிறார்கள். ஓட்டுநர் இறங்கிச் சந்தையில் நடந்த செருப்பு, கால் மிதியடி, பிரேக் பெடல் ஆகியவற்றை யாரும் பார்ப்பதில்லை. ஓட்டுநர் இறங்கக் கூடாது, அல்லது பண்ணை பூட்ஸ் போட்டு இறங்க வேண்டும். உலோகப் பாகங்களைப் பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

மற்ற நோய்களுக்கு? தடுப்பூசி உள்ள பழைய பன்றிக் காய்ச்சல் நச்சுயிரிக்குக் கொழுப்பு உறை உண்டு, எளிதில் சாகும். கோமாரிக்கு உறை இல்லை, ஆனால் அமிலத்துக்குத் தாங்காது. அங்கேயும் விர்கான் நன்றாகவே வேலை செய்யும். சர்க்கோவைரஸ் என்ற பன்றி நச்சுயிரி முரடு, அதற்கு எதையும் முழுதாக நம்ப முடியாது. பன்றியின் சுவாசத்தையும் இனப்பெருக்கத்தையும் கெடுக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். நோய் காற்றிலும் விந்திலும் போகும் என்பதால் தரை மருந்து பாதி வழியைத்தான் அடைக்கும்.

தூளை அள்ளும்போது முகக்கவசம், கையுறை, கண்ணாடி போடுங்கள், மூக்கைக் கடுமையாக எரிக்கும். கண் அளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விட்டால் மழைக்காலத்தில் கட்டி தட்டி வீரியம் இழக்கும். மீன் குளத்தோடு சேர்த்துப் பன்றி வளர்ப்பவர்கள் கழுவிய தண்ணீர் குளத்தில் இறங்காதபடி வடிகாலைத் திருப்பிவிட வேண்டும்; நீர்வாழ் உயிர்களுக்கு இது நஞ்சு.