இரைச்சல் லைன்: கம்பியைப் பார்ப்பதா, வேகத்தைக் குறைப்பதா?

தொலைபேசியில் கரகரப்பு, கூடவே ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையம்) இணைப்பும் அடிக்கடி அறுகிறது என்றால் வழிகள் இரண்டு.

ஒன்று, கம்பியில் கோளாறைத் தேடுவது. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டி, மற்ற தொலைபேசிகளைக் கழற்றிவிடுங்கள். இணைப்பு நிலைத்தால் கோளாறு உள்வயரிங்கில்: துருப்பிடித்த முனை, அல்லது ஸ்பிளிட்டர் (குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு கருவி) இல்லாத கூடுதல் தொலைபேசி. நிலைக்காவிட்டால் பெரும்பாலும் வெளியேதான். மழையில் மோசமானால் ஈரம் புகுந்த ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம்.

மற்றது, இரைச்சலைத் தாங்கும் இடைவெளியை (இரைச்சல் கூடினாலும் இணைப்பு அறாமலிருக்க விட்டுவைக்கும் உபரி) வழக்கமான 6 டெசிபெலிலிருந்து 9 அல்லது 12 ஆக உயர்த்தும்படி நிறுவனத்திடம் கேட்பது. வேகம் குறையும், அறுவதும் குறையும். நெடுந்தூர லைனுக்கு இது நியாயம். காதிலேயே கரகரப்பு கேட்கும் லைனுக்கு வெறும் ஒப்பேற்றல்! அங்கே என் ஓட்டு கம்பிக்கே. புகாரிலும் இணையத்தைவிடத் தொலைபேசி இரைச்சலையே முதலில் எழுதுங்கள்.