எழுதிய ஆண்டு இல்லாத எதிர்காலக் கதைகள்: ஏழாண்டு மின்னூல் அனுபவம்

வார இதழ்களில் வந்த தொடர்கதைகளையும் சிறுகதைகளையும் பக்கம் பக்கமாகக் கிழித்து அப்பா பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டோடு நனைந்து வீணாயின. அவற்றில் இருந்த அறிவியல் புனைகதைகளை மீண்டும் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் 2018-இல் 6 அங்குல மின்னூல் படிப்பான் ஒன்றை வாங்கினேன். கருவியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், நின்றுகொண்டே எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. என் மனத்தாங்கல் முழுவதும், மறுபதிப்பு என்ற பெயரில் அதற்குள் வந்து சேரும் நூல்களைப் பற்றியது.

கதை எப்போது எழுதப்பட்டது என்ற தகவல் இல்லாததே பெரிய குறை. உரிமைப் பக்கத்தில் மின்பதிப்பின் ஆண்டு மட்டும் இருக்கிறது. குடும்பக் கதை என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்காலத்தைப் பற்றிய கதையிலோ, எந்த ஆண்டில் இருந்துகொண்டு எழுத்தாளர் அதைக் கண்டார் என்பது தெரியாவிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது. நிலவில் மனிதர் இறங்கும் சிறுகதை 1969 ஜூலைக்கு முன் எழுதப்பட்டிருந்தால் அது துணிச்சலான கற்பனை. பின்னால் எழுதப்பட்டிருந்தால் செய்தித்தாளைப் படித்து எழுதியது. பள்ளியில் படிக்கும் என் அக்கா மகள், ஒரு கதையில் ஒன்பது கோள்கள் என்று வருவதைப் பார்த்து, "மாமா, எட்டுதான்னு இவருக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். புளூட்டோ குறுங்கோளாக மாற்றப்பட்டது 2006-இல்தான் என்று சொன்னேன். ஆனால் கதை அதற்கு முந்தையது என்பதைக் காட்ட நூலில் ஒரு வரி இல்லை. அதில் இருந்த ஒரே ஆண்டு 2019. செய்யாத பிழையை எழுத்தாளர் சுமக்க நேர்ந்தது. அப்பா கிழித்து வைத்த பக்கங்களின் ஓரத்திலோ இதழின் தேதி அச்சாகியிருக்கும்.

அடுத்தது எழுத்துப் பிழைகள். பழைய அச்சுநூலை வருடி (ஸ்கேன் செய்து), படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்துவிட்டு யாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது. துணைக்கால் 'ர' ஆகிவிடுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் அச்சான 'லை', 'னை' போன்றவை வேறு எழுத்துகளாக வெளிவருகின்றன. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கிறது. இவற்றையெல்லாம் ஊகித்துப் படித்துவிடலாம். எண்களை அப்படிப் படிக்க முடியாது. ஒரு கதையில், நம் பால்வெளியில் 1011 விண்மீன்கள் இருப்பதாக விஞ்ஞானி சொல்கிறார். பத்துக்கு மேல் சிறிய எழுத்தில் அடுக்காக 11 இருந்திருக்க வேண்டும், அதாவது பத்தாயிரம் கோடி. அந்த எண்ணிக்கையின் முன் மனிதன் திகைத்து நிற்பதுதான் கதையே.

ஒரே சிறுகதையை வெவ்வேறு அட்டைகளில் மூன்று முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இலவச மாதிரிப் பக்கங்கள் முன்னுரையோடு முடிந்துவிடுவதால், வாங்குவதற்கு முன் அறிய வழி இருக்கவில்லை. விற்பனைத் தளத்துக்கு இருமுறை எழுதினேன். ஒரு நூலுக்குப் பணம் திரும்ப வந்தது, அதன் பிழைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

ஆயினும் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. அச்சில் எங்கும் கிடைக்காத கதைகள் ஐம்பது, நூறு ரூபாய்க்குக் கிடைப்பது சிறிய காரியம் அன்று. உள்ளடக்கப் பட்டியல் முழுமையாகத் தெரியும் நூல்களை மட்டும் இப்போது வாங்குகிறேன். விடுமுறை கிடைக்கும்போது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்று, பழைய இதழ்களில் கதைகளின் தேதியைத் தேடுகிறேன். நிலவில் இறங்கும் அந்தச் சிறுகதை 1966-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் இருந்தது. மின்னூலில் கதைத் தலைப்பின் அருகே அந்த ஆண்டைக் குறிப்பாகச் சேர்த்து, அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.